கழுவாத தொட்டி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
15-6-1971

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் நீ கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

தொட்டியை நான் மறந்துபோகவில்லை. தெரிந்தேதான் கழுவாமல் விட்டேன்.

நீ பார்த்தது எல்லாம் உண்மை. சுவரெல்லாம் பாசி. தண்ணீர், கீரை வேகவைத்து வடித்தது போலப் பச்சை. மேலே கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. "புஸ்தகம் புடிக்கிற கை, பாசி தேய்க்குமா?" என்று கேட்டாய். அடுத்த வீட்டுக் கங்கையம்மாள், பட்டு சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்திவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டாள். அப்பா உன் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு தெருப்பக்கம் நழுவிவிட்டார். "ஆடி பொறக்கறதுக்குள்ள பூவுவ நான் இட்டுக்கினு போயிடறேன்" என்றாய். நான் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நீ திமிர் என்று நினைத்திருக்கலாம்.

மற்ற நாளில் அந்தத் தொட்டி எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் மாலையில் அடியிலிருக்கும் அடைப்புக் கட்டையைப் பிடுங்கித் தண்ணீரை வாழைக்கு விட்டுவிடுவேன். தேங்காய் நாரில் செங்கல் தூளைத் தொட்டுச் சுவரையும் தரையையும் தேய்ப்பேன். மூலைகளை அப்பா வளைத்துப் பூசியிருப்பதால் அழுக்கு தங்க இடமில்லை. அவர் கட்டிக்கொடுத்த வீடு எதிலும் இத்தனை கவனம் வைத்திருக்க மாட்டார். காலையில் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பி வெயிலில் விட்டுவிட்டு நானும் பூவுவும் நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்குப் போவோம். திரும்பி வரும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இறக்கிவிட்டால் அவளுக்கு இடுப்புவரை வரும். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஆட்டுவாள். சீக்கிரம் அலுத்துவிடும். அழுவாள். போன ஆவணியில் நீ உன் மகளை இங்கே விட்டுப் போனதிலிருந்து இதுதான் நடக்கிறது. இளம்பிள்ளை வாதக் காய்ச்சல் அந்தக் காலை அடியோடு கெடுத்துவிடவில்லை, ஆறு வயதுக்குள் தண்ணீரில் பழக்கினால் கொஞ்சம் மீட்கலாம் என்று டாக்டர் சொன்னாரே, அதை நம்பித்தான்.

வைகாசிக் கடைசியில் இங்கே மழை பெய்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தேங்கிய குட்டையிலிருந்து பூவு டிபன் டப்பாவில் தலைப்பிரட்டைகளைப் பிடித்துவந்தாள். யார் பிடித்துக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. தொட்டியில் விட்டாள். "இதுங்களுக்குக் காலே இல்ல, சித்தி" என்றாள். "வரும், பின்னங்கால்தான் முதல்ல வரும்" என்றேன். "வர்ற வரைக்கும் தண்ணிய தொறக்காத" என்றாள்.

நான் திறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவள் இரண்டு கையையும் குவித்துத் தண்ணீருக்குள் விட்டு ஒன்றைத் துரத்தினாள். ஓரத்தை விட்டுவிட்டது அவளுக்கே தெரியாது. அக்கா, அவள் நின்றாள். இரண்டு காலிலும் நின்றாள். நான் கிணற்றடியில் குடத்தை இறக்கவும் பயந்துகொண்டு நின்றேன். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாள்தான் நீ வந்தாய்.

இதை அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் "எங்க, நில்லு பாக்கலாம்" என்பாய். எந்தத் தாயும் சொல்வாள். பொங்கலுக்கு வந்த உறவுக்காரர்கள் அப்படித்தான் சுற்றி நின்று கைதட்டினார்கள். அவள் விழுந்தாள். பிறகு பல நாள் தண்ணீரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது மறுபடி நடக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி வரை மட்டுமல்ல, ஆறு வயது முடியும் வரை அவளை இங்கே விட்டுவை. இதைத்தான் கேட்க வந்தேன். சுற்றி வளைத்துவிட்டேன்.

காந்தா


பெரம்பூர், சென்னை
18-6-1971

காந்தாவுக்கு,

உன் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். அவரும் படித்தார். "உன் தங்கச்சி நல்லா எழுதுது" என்றார். அதுதான் எனக்குப் பயம்.

நின்றாள் என்கிறாய். யார் பார்த்தது? நீ பார்த்தாய். அப்பா அதே வீட்டில் இருக்கிறார், அவர் பார்த்ததாக நீ எழுதவில்லை. நான் வந்து நின்ற நாலு மணி நேரமும் அவள் தரையில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டுதான் இருந்தாள். நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே பாதியைப் பார்த்துவிட்டு மீதியை மனசில் கட்டிக்கொள்கிறவள்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு கொசுப்புழுவை வளர்க்கிறாய். நம் தெருவிலேயே எத்தனை பேர் யானைக்காலோடு தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? ஏற்கெனவே என் பிள்ளைக்கு ஒரு கால் இப்படி. இன்னொரு காலையும் கொசுவுக்குக் கொடுக்க வேண்டுமா? அவள் காதில் சீழ் வந்திருந்ததையும் பார்த்தேன். அதையும் நீ எழுதவில்லை.

என் மாமியார் தினமும் ஒரு தடவையாவது சொல்கிறார். "பெத்தவ இங்க, புள்ள அங்க. கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?" மாடியில் ஒரே அறை, கீழே எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு அடிபம்பு, இதில் தொட்டி எங்கே கட்டுவது என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. இங்கே மிஷன்காரர்கள் நடத்துகிற விடுதிப் பள்ளி ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே. காலுக்கு இரும்புப் பட்டை போட்டு, கையில் கட்டை கொடுத்துப் பழக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். அவர் மனு எழுதிப் போட்டுவிட்டார்.

நீ எழுதாததை நான் எழுதட்டுமா? அன்றைக்கு "பூவு, அம்மாகிட்ட வா" என்று கூப்பிட்டேன். அவள் உன் முந்தானைக்குப் பின்னால் போனாள். பாசியை மன்னித்துவிடுவேன். அதை என்ன செய்வது?

வேணி


பிள்ளையார்பாளையம்
24-6-1971

அன்புள்ள அக்கா,

தொட்டி இப்போது வெள்ளைவெளேரென்று இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

நீ போனதிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எம் பொண்ணு மூக்கப் புடிச்சிக்கினு போச்சு" என்று யாரிடமோ வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. நானும் பூவுவும் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தொட்டியைத் திறந்துவிட்டு, கரண்டியால் பாசியைச் சுரண்டி, உள்ளே இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்துவிட்டார். கல்யாண வீடு மாதிரி இருந்தது. நீலம்கூடக் கலந்திருந்தார்.

பூவு தொட்டியின் ஓரத்தைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க தாத்தா?"

"இன்னாது கண்ணு?"

"என்துங்க."

"அந்தக் கறுப்புப் பூச்சியா? காவாயில வுட்டுட்டேன். எவ்ளோ சுத்தமா இருக்குது பாரு இப்போ."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தரையில் உட்கார்ந்து, டிபன் டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "கால் வந்துதா, அதுங்களுக்கு?" என்று கொஞ்ச நேரம் கழித்துத் தாத்தாவைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த வெள்ளையடிக்கிற மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாமா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். அவருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும் என்று நினைத்து அவரிடமும் மறைத்திருந்தேன்.

மறுநாள் புதுத் தண்ணீர் நிரப்பி இறக்கினேன். கால் வைத்ததும் துள்ளினாள். சுண்ணாம்புத் தண்ணீர். பாதமெல்லாம் சிவந்துவிட்டது. அப்பா உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவினார். முப்பது வருஷமாகக் கொத்து வேலை செய்கிறவர், புதுச் சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். உன் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற அவசரத்தில் அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

காதுச் சீழைப் பற்றி எழுதாதது என் தவறு. மருந்து விட்டு ஆறிவிட்டது. அந்தத் தண்ணீரால்தான் வந்திருக்கும், மறுக்கவில்லை.

தொட்டி நீ கேட்டபடி சுத்தமாக இருக்கிறது. குழந்தை அதில் இறங்க மாட்டேன் என்கிறாள்.

முந்தானை விஷயத்துக்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உன் தோளில் அவள் தம்பி இருந்தான். அவள் அவனைத்தான் பார்த்தாள். இது சமாதானத்துக்காக எழுதுவதல்ல.

காந்தா


பெரம்பூர்
28-6-1971

அன்புள்ள காந்தா,

சுண்ணாம்பு என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு பாதம் சிவந்தது என்று படித்துவிட்டு, சிரித்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாட்டுத் தொட்டிக்குக்கூட வெள்ளையடித்தவர் அப்பா. "பொண்ணு பாக்க வந்தாங்களா, மாடு பாக்க வந்தாங்களா?" என்று உன் மாமா இன்னும் கேட்பார். அவரைத் திட்டாதே. என் வாய்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது.

உன்னை ஒன்று கேட்கிறேன். கதையாக எழுதாமல் பதில் எழுது. நிஜமாகவே நின்றாளா? எவ்வளவு நேரம்? இடது முட்டி மடங்காமல் இருந்ததா? காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் இந்த மாடிப்படியை அவள் தானே ஏறினாள். கடைசிப் படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் நின்று நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய் என்று எழுதினபோது எனக்கு சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அதனால்தான் போன கடிதம் அப்படி வந்தது.

தம்பிக்கு ஊசி போட்டுவிட்டு வரும் வழியில் மூர் மார்க்கெட் பக்கம் போனேன். கண்ணாடித் தொட்டியில் ஒருவன் சின்னச் சின்ன மீன் வைத்திருந்தான். "கொசுப்புழு தின்னுமாப்பா?" என்று கேட்டேன். "புழுதான் தின்னும், பின்ன பிரியாணியா போடறோம்?" என்றான். கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மீனையும் எப்படிக் கொண்டுவருவது என்று வாங்கவில்லை. தோன்றியதை எழுதினேன். உங்கள் பக்கத்துக் கிணறுகளில் கிடைக்காதா? புழுவும் போகும், அவளுக்கும் துரத்த ஏதாவது இருக்கும்.

ஆனால் நான் வருவதில் மாற்றமில்லை. விடுதியிலிருந்து பதில் வந்ததும் வருவேன்.

வேணி


பிள்ளையார்பாளையம்
6-7-1971

அன்புள்ள அக்கா,

கேட்டபடியே எழுதுகிறேன். நின்றாள். ஒரு குடம் கிணற்றிலிருந்து மேலே வருகிற நேரம். முட்டி கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்தது, மடங்கவில்லை. தண்ணீர் அவளைத் தாங்கியது, அதையும் சொல்ல வேண்டும். தரையில் நிற்க முடியும் என்று நான் சொல்லவில்லை.

நீ சொன்ன மீன் வந்துவிட்டது. அதற்கு முன்னால் அப்பா கொல்லை வாழையில் குலை தள்ளி ஓய்ந்த மரத்தை வெட்டி, துண்டு துண்டாகத் தொட்டியில் போட்டு ஊறவைத்தார். காரம் போகப் புதுச் சிமெண்டுத் தொட்டிக்குச் செய்வது போல. தண்ணீர் காபி நிறமானது. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார், மறுபடி வாழைத்துண்டு. ஒவ்வொரு தடவையும் தன் கையை முழங்கை வரை விட்டு, காந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "தாத்தா, நீதான் குளிக்கப் போறியா?" என்று பூவு கேட்டாள். தலைப்பிரட்டைகள் போன நாளுக்குப் பிறகு அவள் அவரோடு பேசியது அப்போதுதான்.

காந்தல் போனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு முசரவாக்கத்துக்குப் போய், பங்காளி வீட்டு ஏற்றக் கிணற்றிலிருந்து தூக்குச் சட்டியில் மீன் பிடித்து வந்தார். விரல் நகம் அளவுதான். வழியில் சட்டித் தண்ணீர் சூடாகிவிடக்கூடாதென்று நிழல் கண்ட இடமெல்லாம் நின்று வந்தாராம்.

மீன் வந்த பிறகு கழுவுகிற முறையை மாற்ற வேண்டியிருக்கிறது. பிளீச்சிங் பவுடர் கூடாது. முழுவதும் திறக்கக்கூடாது. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் பாதி புதிது ஊற்றுகிறேன். சுவரைத் தேய்க்கிறேன், அடியைத் தொடுவதில்லை. தண்ணீர் கண்ணாடி போல இருக்காது, கொஞ்சம் பச்சை தங்கும். மேலே ஒரு புழுகூட இல்லை. யானைக்கால் தடுப்புக்காக நகராட்சியிலிருந்து வருகிறவர் அகப்பையும் எண்ணெய் டின்னுமாக வந்தார். எண்ணெய் ஊற்றிவிடுவாரோ என்று நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். மொண்டு மொண்டு பார்த்தார். வேலிப் பக்கத்திலிருந்து கங்கையம்மாள், "இன்னா சார், கொழம்புக்கு மீன் தேடிக்கினு இருக்கியா?" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பூவு ஓரத்தில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விடுகிறாள். இறங்கவில்லை. நான் கூப்பிடுவதும் இல்லை. நீ வருகிற நாளில் நிற்பாள் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

இன்னொன்றையும் அன்று சொல்லவில்லை. அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. அது அவள் காலுக்காக மட்டும் இல்லை. மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து ரிக்‌ஷாவில் வரும்போது என் மடியில் சாய்ந்துகொண்டு கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அந்த நேரத்துக்காகவும்தான். ஆகையால் காலைப் பற்றி நான் எழுதுவதை நீ அரைப்பங்கு கழித்துக்கொண்டே படிக்கலாம். நீ பெற்றவள்.

காந்தா


பெரம்பூர்
8-7-1971

காந்தாவுக்கு,

கார்டில் எழுதுகிறேன், வீட்டில் இன்லண்ட் இல்லை. விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர்க்க வேண்டும். ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். அவள் துணிமணிகளை எடுத்துவை. அவளிடம் இப்போதே சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.

என்னிடம் காட்டுவதற்காக அவளை நிற்க வைக்காதே.

வேணி


பிள்ளையார்பாளையம்
12-7-1971

அன்புள்ள அக்கா,

நேற்று உனக்காக நாள் முழுவதும் காத்திருந்தோம். அப்பா பஸ் நிலையத்துக்கு மூன்று தடவை போய்வந்தார். பூவுவின் துணிகளை மடித்துப் பையில் வைத்திருந்தேன். இருட்டின பிறகு, தம்பிக்கு உடம்பு சரியில்லையோ என்று தந்தி அடிக்கக் கிளம்பினார். அப்போதுதான் கங்கையம்மாள் வந்தாள்.

"தந்தி இன்னாத்துக்கு? அதான் காலைலயே வந்துட்டுப் போச்சே உங்க பெரிய பொண்ணு" என்றாள். "சந்து வழியா வந்துது. எங்க வூட்டுத் தட்டி ஓரமா, புள்ளைய தோள்ல போட்டுக்கினு நின்னுது. நான் கூப்புடப் போனேன். வாயில விரல வச்சி வேணாம்னுது. அப்பறம் போயிடுச்சி. நீங்கதான் யாரும் திரும்பியே பாக்கல."

எங்களால் திரும்பிப் பார்த்திருக்க முடியாது. அந்த நேரத்தில் நாங்கள் வேறு எதையும் பார்க்கவில்லை.

நீ எதுவரை பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். தண்ணீர் இன்னும் முழுக்கச் சூடாகவில்லை. அவள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மீன் அவள் கட்டை விரலைக் கொத்தியது. "ஏய்" என்றாள். அப்புறம் தானே வழுக்கி இறங்கிவிட்டாள். நான் ராட்டினக் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அப்பா கையில் பல் துலக்கும் வேப்பங்குச்சி. மீன் அந்த மூலைக்குப் போனது. அவள் கையைக் குவித்துக்கொண்டு அது போன பக்கம் போனாள். வலது காலை வைத்தாள், இடது காலை இழுத்து வைத்தாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சுவரில் சாய்ந்தாள். "உட்டுட்டேன் சித்தி" என்றாள். "மெதுவா புடி, அது எங்க போவப்போவுது" என்றேன். அப்பா உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

நாங்கள் அவளைக் கூப்பிடவில்லை, நிற்கவும் வைக்கவில்லை. அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

நீ ஏன் உள்ளே வரவில்லை? இன்றைக்குத் திங்கட்கிழமை. விடுதியில் இடம் என்ன ஆயிற்று? துணிப்பை இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கவும் பயமாக இருக்கிறது, அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

காந்தா


பெரம்பூர்
15-7-1971

அன்புள்ள காந்தா,

துணிப்பையைப் பிரித்துவிடு.

சந்து வழியாக வந்ததற்குக் காரணம் சொல்கிறேன். உங்களைச் சோதிக்கத்தான் வந்தேன். தொட்டி எப்படி இருக்கிறது என்று முன்னால் பார்த்துவிட்டு, அதைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தால் அவளைக் கூட்டிவருவது எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். சும்மா வந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளைத் தூக்க என்னால் முடியாது.

அவள் வழுக்கி இறங்கினபோது நான் தட்டிக்குப் பின்னால் நின்றேன். மூலைக்குப் போனது வரை பார்த்தேன். வாயைத் திறந்திருந்தால் "பூவு" என்று கத்தியிருப்பேன். அவள் திரும்பியிருப்பாள், விழுந்திருப்பாள். நான் ஓடிப்போய் ஈரத்தோடு தூக்கியிருப்பேன். தூக்கியிருந்தால் கீழே விட்டிருக்க மாட்டேன், நேரே பஸ்ஸுக்குத்தான் வந்திருப்பேன். அப்போது தம்பி தோளில் சிணுங்க ஆரம்பித்தான். அவன் அழுதுவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று திரும்பி நடந்துவிட்டேன். தெருவில் தறிக்கான பாவு நூலை நீளக் கட்டி நீட்டியிருந்தார்கள். அதைத் தாண்டிப் போக வழியில்லாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்றிப் போனேன். அப்போதாவது நீ வெளியே வந்து என்னைப் பார்த்துவிட மாட்டாயா என்றும் இருந்தது, பார்த்துவிடக்கூடாது என்றும் இருந்தது.

வீட்டில் உன் மாமா, "எங்க பொண்ணு?" என்றார். "நடக்கிறா" என்றேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று.  இரண்டு நாள் கழித்து மாமியார், "அந்த மீன் இங்க கெடைக்காதா?" என்று கேட்டார்.

விடுதிக்கு இடம் வேண்டாம் என்று எழுதிவிட்டோம். ஆறு வயது முடியும் வரை அவள் அங்கே இருக்கட்டும். மாதம் ஒரு தடவை வருவேன். வாசல் வழியாக, சொல்லிவிட்டு வருவேன். என்னிடம் வர மாட்டேன் என்று அவள் உன் பின்னால் ஒளிந்தால், முந்தானையை விடுவித்துக்கொண்டு நீ அடுப்படிக்குப் போய்விட வேண்டும். அதை மட்டும் நீ எனக்காகச் செய்.

தண்ணீர் பச்சையாகத்தான் இருந்தது. ஓரத்தையாவது நன்றாகத் தேய். பூவு இறங்குவதற்கு முன்னால், புழு இருக்கிறதா என்று நான் கங்கையம்மாளை மெல்லக் கேட்டேன். "உன் தங்கச்சி தினம் குனிஞ்சி குனிஞ்சி அதத்தான் பாத்துக்கினு கெடக்குது" என்றாள்.

வேணி


பெரம்பூர்
14-6-1972

அன்புள்ள காந்தா,

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். கீழ்த்தளம், படி இல்லை. அப்பா வெள்ளிக்கிழமை வந்து ஒரு நாள் தங்கிவிட்டுப் போனார்.

ஆறு வயது முடிந்து அங்கிருந்து கூட்டிவந்த பூவுவை இன்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். தெருப் பிள்ளைகளெல்லாம் படிக்கிற பள்ளிக்கூடம்தான். இடது காலுக்கு முட்டிவரை இரும்புப் பட்டை போட்டிருக்கிறது. கையில் கட்டை இல்லை. அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருமுனை வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்கு மேல் வேண்டாம் என்றாள். பள்ளிக்கூட வாசலில் ஒரு தடவை விழுந்தாள். தானே எழுந்து உள்ளே போனாள்.

வேணி